எதிரி வேடம் கட்டும் விமானிகள்

மாலை வகுப்பு முடிந்து எல்லாரும் சைக்கிளை எடுக்கிற நேரம். பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் போனை நீட்டினான். நீலமும் சாம்பலும் திட்டுத் திட்டாகப் பூசிய ஒரு போர் விமானம், அமெரிக்கப் பாலைவனத்தில் ஓடுபாதையை விட்டு எழும்புகிறது. மூக்கில் ரஷ்யப் பாணியில் பெரிய எண். "சார், இதை ஓட்டுறது அமெரிக்க விமானப்படை இல்லையாம். தனியார் கம்பெனியாம். அப்போ கூலிப்படைதானே?" என்றான். பக்கத்தில் நின்றவன், "காசு கொடுத்தா யார் மேலயும் குண்டு போடுவாங்கடா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

மதுரையில் ராணுவ நுழைவுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. இந்தக் கேள்வி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும். கேட்பவர்கள் எல்லாரும் இரண்டு முடிவோடுதான் வருவார்கள். ஒன்று, இவர்கள் கூலிக்குப் போர் செய்பவர்கள். இல்லையென்றால், பணக்காரர்கள் பொழுதுபோக்குக்குப் பழைய போர் விமானம் வாங்கி ஓட்டுகிறார்கள். இரண்டுமே தவறு. இந்த விமானிகள் எந்தப் போருக்கும் போவதில்லை. தன் நாட்டுப் படையின் இளம் விமானிகளிடம் திரும்பத் திரும்ப அடிவாங்குவதுதான் இவர்களுடைய தொழில். அதுவும் எப்படி வேண்டுமானாலும் அடிவாங்கிவிட முடியாது. முறையாக அடிவாங்க வேண்டும். அந்த முறை என்ன என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் போகிறேன். விமானம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

கபடிக் களத்திலிருந்து தொடங்குவோம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடக்கும். மார்கழி பிறந்ததும் பையன்கள் ராத்திரியில் டியூப் லைட் கட்டிப் பழக ஆரம்பிப்பார்கள். முதல் ஒரு வாரம் அவர்களுக்குள்ளேயே இரண்டு உத்தியாகப் பிரிந்து ஆடுவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் ஒரே களத்தில் பழகியவர்கள். யார் வலது பக்கம் பாடி வருவான், யார் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவான் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அங்கே ஜெயிப்பவன் போட்டியில் வெளியூர்க்காரனைப் பார்த்ததும் திணறிப் போவான்.

அப்போது கேப்டன் ஒரு வேலை செய்வார். சின்னப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீ அந்த ஊர்க்காரன் மாதிரி பாடி வா. இடது காலை நீட்டி நீட்டி ஏமாத்து" என்பார். அவனும் முயல்வான். ஆனால் அவனுக்கு அந்த ஆட்டம் சரியாக வராது. அதோடு, அன்றைக்கு அவனுடைய சொந்தப் பயிற்சியும் போச்சு. போட்டியில் அவன் வேலை மூலையில் நின்று கணுக்கால் பிடிப்பது. ஆனால் ராத்திரி முழுக்க வேறொருவன் போலப் பாடிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர், அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். எல்லாருக்கும் அவர் மாமா. வண்டிக்கு பெட்ரோல் காசும் ராத்திரிச் சாப்பாடும் கொடுத்தால் வந்துவிடுவார். "யார் மாதிரி வரணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கோட்டைத் தாண்டுவார். நாலு ஊர் ஆட்டமும் அவர் காலில் இருக்கும். மூலைக்காரன் சரியான நேரத்தில் கணுக்காலைப் பிடித்தால் மறுபேச்சில்லாமல் விழுவார். நேரம் தப்பிப் பிடித்தால் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் நினைத்தால் எங்கள் பையன்கள் பாதிப் பேரை ஒரே மூச்சில் அவுட்டாக்கலாம். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. யாருக்கும் அடிபட விட்டதும் இல்லை.

தனியார் எதிரி வேட விமானியின் வேலை அந்த மாமாவின் வேலைதான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம். நம் ஆளோடேயே ஆடிப் பழகினால் வெளியாளை எதிர்கொள்ள முடியாது. நம் ஆளை வெளியாளாக நடிக்கச் சொன்னால் அவன் பயிற்சி கெடும். அதனால் அனுபவசாலி ஒருவரை வெளியே இருந்து கூப்பிடுகிறோம்.

வியட்நாம் கற்றுக்கொடுத்த பாடம்

வான்போரில் இந்த யோசனை பெரிதானது வியட்நாம் போரின்போது. அமெரிக்காவின் ஃபேன்டம் போன்ற விமானங்கள் பெரியவை, வேகமானவை, ஏவுகணை தாங்கியவை. வட வியட்நாமின் மிக் விமானங்கள் சிறியவை, சட்டென்று திரும்பக்கூடியவை. பலத்தைப் பார்த்தால் அமெரிக்கா சுலபமாக ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. இளம் விமானிகள் பயிற்சியில் பழகியதெல்லாம் தங்களுடையதைப் போன்ற விமானத்தோடு. தன் விமானத்தைப் போல் இல்லாத ஒன்று திடீரென்று பக்கத்தில் திரும்பி வாலைப் பிடித்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

அமெரிக்கக் கடற்படை 1969இல் மிராமார் தளத்தில் ஒரு போர்ப் பள்ளியைத் தொடங்கியது. டாப்கன் என்று உலகமே அறிந்த பள்ளி அது. அங்கே ஆசிரியர்கள் ஸ்கைஹாக் என்ற சிறிய விமானத்தில் ஏறி மிக்-17 போலப் பறந்து காட்டினார்கள். மிக்-21க்கு வேறு சிறிய ஜெட்கள் நடித்தன. அமெரிக்க விமானப்படையும் 1972இல் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் இதற்கென்றே ஒரு படைப்பிரிவை அமைத்தது. அந்தப் பிரிவுக்கு அக்ரசர் என்று பெயர், அதாவது தாக்க வருபவர். அதற்குப் பிறகு போர் விமானப் பயிற்சியில் எதிரி வேடம் கட்டும் படைப்பிரிவை அக்ரசர் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

வியட்நாம் போரை ஆராய்ந்தவர்கள் கண்ட இன்னொரு விஷயம் இருக்கிறது. முதல் பத்துப் போர்ப் பறப்புகளைத் தாண்டிவிட்ட விமானி பிழைத்து வரும் வாய்ப்பு நன்றாகக் கூடியது. அப்படியானால் அந்தப் பத்தையும் ஊரிலேயே, உயிர்ச்சேதம் இல்லாமல் பறக்க வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் 1975இல் ரெட் ஃபிளாக் என்ற பெரும் பயிற்சி பிறந்தது. 2008இல் நம் விமானப்படையின் சுகோய்-30 விமானங்களும் நெல்லிஸுக்குப் போய் அதில் கலந்துகொண்டன.

சொந்தப் படையே செய்யலாமே, தனியார் எதற்கு?

செய்கிறார்கள். இன்றும் அமெரிக்காவிடம் அக்ரசர் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் தேவை அவர்களால் தீர்வதாக இல்லை. ஒரு பயிற்சியில் நல்லவர்கள் நாலு விமானம் என்றால் எதிரிகள் எட்டாவது வந்தால்தான் பாடம் சூடு பிடிக்கும். தினமும், பல தளங்களில், எட்டு எதிரிக்கு எங்கே போவது?

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். போர் விமானத்துக்கு ஆயுள் ஆண்டில் இல்லை, பறந்த மணிநேரத்தில் இருக்கிறது. எஃப்-16இன் உடற்கட்டை முதலில் 8,000 மணிநேரத்துக்கு வடிவமைத்தார்கள். அப்புறம் சோதித்துப் பார்த்து, சில வகைகளுக்கு 12,000 வரை நீட்டினார்கள். மீட்டர் ஓட ஓட வண்டி கிழடாகிறது. சண்டைக்கென்று வைத்திருக்கும் விலை உயர்ந்த விமானத்தை எதிரி வேடத்துக்கு ஓட்டினால் அந்த மணிநேரங்கள் வீணாகக் கரைகின்றன. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையை வயலுக்குக் கட்டிக்கொண்டு போன மாதிரி.

விமானியின் நேரமும் அப்படித்தான். எங்கள் ஊர் மூலைக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்-35 விமானி ஒரு மணிநேரம் பழைய மிக் போல நடித்தால், அந்த ஒரு மணிநேரம் தன் சொந்தக் கருவிகளைப் பயன்படுத்தாமல் கட்டிப்போட்டுக்கொண்டு பறக்கிறார். கணக்கில் அது பறந்த நேரம். கற்றது மிகக் குறைவு. 2017 வாக்கில் அமெரிக்க விமானப்படைக்கு ஏறக்குறைய 2,000 விமானிகள் பற்றாக்குறை என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருக்கும் ஆளை வேடத்துக்கு அனுப்ப மனம் வருமா?

இந்த இடைவெளியில்தான் தனியார் நிறுவனங்கள் வந்தன. ஏடாக், டிராக்கன், டாப் ஏசஸ், டாக்ஏர் ஆகியவை பெயர் தெரிந்த சில. அமெரிக்க விமானப்படை 2019 அக்டோபரில் ஏழு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, மொத்தம் 640 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தை அறிவித்தது. அமெரிக்காவோடு இது நிற்கவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதே வேலையைத் தனியார் செய்கிறார்கள்.

சம்பள முறை நம் ஊர் ஸ்பெஷல் நாடகம் மாதிரி. ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் எல்லாரையும் ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க வைத்துச் சோறு போடுவதில்லை. திருவிழா ராத்திரிக்கு மட்டும் பேசி வரவழைக்கிறார்கள். எந்த ஊரில் ஏறினாலும் அவரவர் பாகம் அவரவருக்குத் தெரியும். எதிரி வேட நிறுவனத்துக்கும் பறக்கும் நேரத்தை வைத்துத்தான் காசு. விமானத்தை வாங்குவது, பழுது பார்ப்பது, விமானிக்குச் சம்பளம் எல்லாம் நிறுவனத்தின் பாடு.

இந்த விமானங்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் பிற நாடுகள் ஓய்வு கொடுத்தவை. நியூசிலாந்து 2001இல் தன் போர் விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. அதன் ஸ்கைஹாக்குகளில் எட்டை 2012இல் டிராக்கன் வாங்கியது. பிரான்ஸிடமிருந்து 63 மிராஜ் எஃப்1 விமானங்களை 2017இல் ஏடாக் வாங்கியது. இஸ்ரேல் கழித்த எஃப்-16கள் டாப் ஏசஸ் நிறுவனத்துக்குப் போயின. முதல் நாலும் 2021 ஜனவரியில் ஒரு பெரிய சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் அரிசோனா வந்து சேர்ந்தன.

பழைய இரும்பு என்று இவற்றை எளிதாக நினைக்கக் கூடாது. உதிரி பாகம் கிடைக்காத விமானத்தைத் தினம் பறக்கும் நிலையில் வைத்திருப்பது பெரிய கைவேலை. மதுரையில் பழைய அம்பாசடரை இன்றும் சத்தமில்லாமல் ஓடவைக்கும் மெக்கானிக்குகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும்.

பழைய விமானம் எப்படிப் புது எதிரி ஆகும்?

இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் வரும். "1954இல் முதலில் பறந்த ஸ்கைஹாக் இன்றைய எதிரி மாதிரி எப்படி நடிக்க முடியும்?" நல்ல கேள்வி. பதில் இதுதான்: இன்றைய வான்போரில் விமானி எதிரியைக் கண்ணால் பார்ப்பது கடைசியில்தான். சில சமயம் பார்ப்பதே இல்லை.

தூரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மதுரைக்கு மேலே ஒரு விமானம், திண்டுக்கல்லுக்கு மேலே ஒன்று. இடையில் சுமார் 60 கிலோமீட்டர். இரண்டும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வருகின்றன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர், சேர்த்தால் 30. இரண்டே நிமிடத்தில் சந்தித்துவிடும். வாடிப்பட்டிக்கு மேலே எதிரி கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவதற்குள் முடிவு எடுத்து ஏவுகணையை விட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் விமானியிடம் இருப்பது திரையும் காதும்தான்.

அந்தத் திரைக்கு விவரம் தரும் முதல் கருவி ரேடார். ரேடியோ அலையை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்து இடத்தையும் வேகத்தையும் சொல்லும். இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவது போல. டார்ச் அடிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. நம் வெளிச்சம் எதிராளியின் மேல் பட்டு நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, யாரோ டார்ச் அடிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்துகொள்ள உதவும் கருவிதான் ரேடார் எச்சரிக்கைக் கருவி. தன் மேல் எந்தத் திசையிலிருந்து, எந்த மாதிரியான ரேடார் படுகிறது என்று விமானிக்குச் சொல்லும். மாட்டுத்தாவணியிலிருந்து வெளியே வரும் பஸ்களின் ஹாரனைக் கேட்டே எந்தக் கம்பெனி பஸ் என்று சொல்லும் ஆட்கள் நம் ஊரில் உண்டு. பஸ் வளைவு திரும்பியிருக்காது. ஹாரன் வந்துவிடும். ஆளும் பையைத் தூக்கித் தோளில் போட்டிருப்பான். ரேடார் எச்சரிக்கைக் கருவியும் அலையின் 'ஹாரனை' வைத்துத்தான் இது இன்ன விமானம் என்கிறது.

சரி, இப்போது அதே ஹாரனை ஒரு தண்ணி லாரியில் மாட்டினால்? வளைவுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் பஸ் வருகிறது என்றே நினைத்துத் தயாராவான். எதிரி வேடத்தின் ரகசியம் இவ்வளவுதான். ஸ்கைஹாக்கின் இறக்கைக்கு அடியில் ஒரு மின்னணுப் பெட்டியைத் தொங்கவிடுகிறார்கள். எதிரி விமானமோ ஏவுகணையோ அனுப்பும் அலையைப் போலவே அது அனுப்பும். எதிரே வரும் இளம் விமானியின் கருவியில் அவர் பயப்பட வேண்டிய விமானத்தின் அடையாளம் எரியும்.

இன்னொரு பெட்டியின் வேலை ஜாமிங். எதிராளியின் ரேடாரைக் குழப்பும் அலைகளை வாரி இறைப்பது என்று பொருள். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசியிருக்கிறீர்களா? அந்தப் பக்கம் இருப்பவர் கத்துவது கேட்கும், சொல் கேட்காது. ஜாமிங்கில் மாட்டிய ரேடாரும் அந்த நிலைக்குத்தான் வரும். அதற்கு நடுவில் சொல்லைப் பிரித்தெடுக்கப் பழகுவதுதான் பாடம். இந்தப் பாடத்துக்குப் போர் விமானம்கூட வேண்டாம். பிரிட்டனில் பல ஆண்டுகள் ஃபால்கன் 20 என்ற சிறிய பயணிகள் ஜெட்டை வைத்தே இதைச் செய்தார்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ரேடாருக்கு எளிதில் தெரியாத வடிவத்தில் செய்த விமானங்களுக்கு ஸ்டெல்த் விமானம் என்று பெயர். பெட்டி தொங்கவிட்டு ஸ்கைஹாக்கை ஸ்டெல்த் ஆக்க முடியாது. அதனால்தான் அமெரிக்க விமானப்படை 2022இல் ஸ்டெல்த் விமானங்களான எஃப்-35களையே எதிரி வேடத்துக்கு ஒதுக்கி நெல்லிஸில் ஒரு பிரிவை மீண்டும் தொடங்கியது. தனியார் நிறுவனங்களும் வாங்கிய பழைய எஃப்-16களில் புதுக் கருவிகளைப் பொருத்தி எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கின்றன.

சுருக்கமாக: தூரத்துச் சண்டையில் எதிரி என்பது ஒரு சமிக்ஞை. சமிக்ஞையைச் சரியாகக் கொடுத்தால் பாதி வேடம் முடிந்தது. மீதிப் பாதி, எதிரியைப் போல முடிவெடுப்பது. அது பெட்டியில் வராது. விமானியின் மண்டையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் பறப்பு

காலையில் எல்லாரும் ஓர் அறையில் உட்காருகிறார்கள். பயிற்சி பெறுபவர்கள் நீல அணி. எதிரி வேடம் சிவப்பு அணி. அன்றைய பாடம் என்ன என்பதை நீல அணியின் பயிற்றுநர் முடிவு செய்கிறார். சிவப்பு விமானி ஒவ்வொருவர் தொடையிலும் ஒரு அட்டை கட்டியிருக்கும். எவ்வளவு தூரத்தில் பிரிய வேண்டும், எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும், தன் மேல் ஏவுகணை வருவது தெரிந்தால் தப்பிக்கலாமா கூடாதா என்று அதில் எழுதியிருக்கும். "தப்பிக்கக் கூடாது" என்று இருந்தால், எத்தனை ஆயிரம் மணிநேர அனுபவம் உள்ளவரானாலும் தப்பிக்கக் கூடாது.

மேலே போனதும் நாலு சிவப்பு விமானங்கள் ஒரு புள்ளி போல நெருங்கிப் பறந்து வருகின்றன. நீல அணி ரேடாரில் ஒன்றோ இரண்டோதான் தெரிகிறது. சட்டென்று இரண்டு வலப்பக்கம் பிரிகின்றன, ஒன்று கீழே பாய்கிறது. நீல அணியின் இளம் விமானி பிரிந்து போனவர்களைத் துரத்துகிறார். ரேடியோவில் "ஃபாக்ஸ் த்ரீ" என்கிறார். ரேடார் வழிகாட்டும் ஏவுகணையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். உண்மையில் எதுவும் விமானத்தை விட்டுப் போகவில்லை. தொங்குவது பயிற்சி ஏவுகணை. சில வகைகளில் குறி தேடும் தலை மட்டும் உண்மையானது, உடம்பில் எரிபொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை.

பிறகு யார் செத்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு விமானத்திலும் தன் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் பதிந்து அனுப்பும் ஒரு பதிவுக் குழல் இருக்கும். தரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, ஏவுகணை பறந்திருந்தால் போய்ப் பட்டிருக்குமா என்று கணக்குப் போட்டு, "சிவப்பு மூன்று அவுட்" என்கிறார்கள். சிவப்பு மூன்று உடனே விலகிக் குறிப்பிட்ட இடத்துக்குப் பின்வாங்கிப் போய், புது எதிரியாக உயிர்த்தெழுந்து மறுபடி வருகிறது. நாலு விமானம் இருபது எதிரியாவது இப்படித்தான். கபடியில் அவுட்டானவன் மறுபடி உள்ளே வருவது நமக்குப் பழகினதுதானே.

இதற்குள் கீழே பாய்ந்த அந்த ஒன்றை நீல அணி மறந்துவிட்டது. அது தரையோடு தரையாக வந்து பின்னால் ஏறிவிடுகிறது. நீலம் இரண்டு அவுட். அந்தத் தவறைச் செய்யவைக்கத்தான் காலையில் அட்டை எழுதப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே பாதுகாப்பு விதிகள் உண்டு. ஒரு விமானத்தைச் சுற்றி 500 அடிக்குள் இன்னொன்று வரக் கூடாது. யாருக்காவது ஆபத்து என்று பட்டால் "நாக் இட் ஆஃப்" என்று ரேடியோவில் சொல்லலாம். புதியவர் சொன்னாலும் எல்லாரும் அந்த நொடியே சண்டையை நிறுத்த வேண்டும்.

இறங்கிய பிறகுதான் முக்கியமான வேலை. டீப்ரீஃப் என்பார்கள், நடந்ததை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்ப்பது. ஒரு மணிநேரப் பறப்புக்கு இரண்டு மூன்று மணிநேரம் அதிலேயே போகும். திரையில் நீலக் கோடுகளும் சிவப்புக் கோடுகளும் நகரும். இந்த நொடியில் நீ என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், ஏன் அந்தப் பக்கம் திரும்பினாய்? அந்த அறையில் பதவிக்கு மரியாதை இல்லை, உண்மைக்குத்தான் மரியாதை. சிவப்பு விமானி எழுந்து, "உன்னால் என்னைப் பார்த்திருக்க முடியும், பதினைந்து நொடி உன் ரேடாரில் இருந்தேன்" என்று காட்டுகிறார். என் கருத்தில், அவர் வாங்கும் சம்பளத்தின் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது இதைத்தான். திறமை இருந்தும் அதை அட்டையில் உள்ள அளவுக்கு மட்டும் வெளியே காட்டுவது மிகக் கடினம். தவறு செய்த மாணவனை ஜெயிக்கவிட்டால் அவன் போரில் சாவான். சரியாகச் செய்தவனை ஜெயிக்கவிடாமல் வம்புக்கு மடக்கினால், சரியானதையே சந்தேகப்பட ஆரம்பிப்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பக்குவம் வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் படையில் பல ஆண்டுகள் பறந்து, பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

சிமுலேட்டர் போதாதா?

விமானத்தின் உள்ளறை போலச் செய்து, திரையில் வானத்தைக் காட்டும் இயந்திரம் சிமுலேட்டர். மிகப் பயனுள்ளது. படைகள் அதையும் நிறையப் பயன்படுத்துகின்றன. ஆனால் அவனியாபுரம், பாலமேடு பக்கம் மாடு வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண் குத்த விடுவார்கள், நீச்சல் விடுவார்கள், நடை பயிற்சி கொடுப்பார்கள். கொம்புக்கும் உடம்புக்கும் அதெல்லாம் நல்லதுதான். இருந்தாலும் மண்மேடு திமிலைப் பிடித்துத் தொங்காது. ஆட்களை எதிரே நிறுத்திப் பழக்கிய மாடுதான் வாடிவாசலைத் தாண்டி நின்று விளையாடும்.

சிமுலேட்டரில் கழுத்து வலிக்காது. உண்மையான விமானத்தில் கூர்மையாகத் திரும்பும்போது உடல் எடை ஏழெட்டு மடங்காக அழுத்தும். தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதே பெரும்பாடு. வெயில் கண்ணில் குத்தும், எரிபொருள் முள் இறங்கும், தப்பு செய்தால் உண்மையிலேயே தரை இருக்கிறது.

அப்போ கூலிப்படை இல்லையா?

இல்லை. ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை, கூலிப்படையினர் யார் என்பதற்குப் பல நிபந்தனைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, அவர் சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்க வேண்டும். எதிரி வேட விமானி எந்தச் சண்டையிலும் பங்கெடுப்பதில்லை. விமானத்தில் வெடிக்கும் ஆயுதமும் இல்லை. அமெரிக்காவில் இவை குடிமக்கள் விமானங்களைப் போலவே பதிவு எண் வாங்கிப் பறப்பவை. கபடி மாமாவை எதிரணி ஆள் என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படித்தான் இதுவும்.

ஆபத்து இல்லாத வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2012இல் மார்ச்சில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என இரண்டு ஒப்பந்த ஜெட்கள் அமெரிக்காவில் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். 2021 மே மாதம் நெல்லிஸ் தளத்துக்கு அருகே ஒரு மிராஜ் எஃப்1 விழுந்து அதன் விமானி இறந்தார். போருக்குப் போகும் பிள்ளைகள் பிழைத்து வர வேண்டும் என்பதற்காகப் பறந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கூலிக்குக் குண்டு போடுபவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

இந்தியாவில் எதிரி வேடத்தை விமானப்படையே கட்டுகிறது. அதற்குரிய இடம் டாக்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வான்போர் உத்தி மையம். 1971இல் தொடங்கியது, இப்போது குவாலியரில் இருக்கிறது. படையின் சிறந்த விமானிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டு விமானங்களோடு மோதிப் பழகுவதும் இதே பாடத்தின் இன்னொரு வடிவம். அதைப் பார்க்க நெவாடா போக வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் விமானங்கள் வந்தன. சூலூரில் இருப்பது நம் தேஜஸ் போர் விமானம். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஐந்தாறு மணிநேரத்தில் போய்விடக்கூடிய இடம்.

போனை நீட்டிய பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கம்பெனியில சேர என்ன பரீட்சை சார்?" என்றான். பரீட்சை கிடையாது. அந்த வேலைக்கு நேரடி வாசலே இல்லை. முதலில் ஒரு நாட்டின் படையில் போர் விமானியாகிப் பல ஆண்டுகள் பறந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தந்த நாட்டுப் பாதுகாப்பு அனுமதியையும் கேட்கும். நமக்கு வாசல் விமானப்படைதான். பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. டிகிரி முடித்தால் ஆஃப்கேட், அதாவது விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு. இரண்டுமே வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கின்றன.

பின்னால் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி, "எங்களுக்கும் உண்டா சார்?" என்று கேட்டாள். உண்டும்மா. 2016இல் மூன்று பெண்கள் நம் விமானப்படையில் முதல் போர் விமானிகளாகச் சேர்ந்தார்கள். 2022இலிருந்து என்.டி.ஏ.விலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து இரண்டு தேர்வுகளின் வயது வரம்பையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.